சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையும் சமையலறை விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் 14 வருஷமாக இருக்கிறேன். டாக்டரோ டயட்டீஷியனோ இல்லை. மதியம் 20 டிபன் டப்பாக்களைத் திறந்துவைத்து, எது காலியாகிறது, எது அப்படியே வீட்டுக்குத் திரும்புகிறது என்று பார்ப்பது என் வேலையில் பாதி. வீட்டிலும் இரண்டு பேர். அதில் ஒருவன் ஒரு காலத்தில் வெள்ளை நிறச் சாப்பாடு மட்டுமே தின்றவன். பெற்றோர்கள் வாசலில் நின்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

மூன்று வயதுப் பையன். இட்லி, தயிர்சாதம், பிஸ்கட். இதைத் தாண்டி எதையும் தொடமாட்டேன் என்கிறான். ஒரு வயதில் எல்லாவற்றையும் தின்றவன்தான். என்ன ஆயிற்று?

வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடுகிறது. அந்த வேகம் அப்படியே போனால் வீடு தாங்குமா? இரண்டாவது வருஷம் முழுக்கச் சேர்ந்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்த்தி மட்டுப்படும்போது பசியும் மட்டுப்படும்.

கூடவே இன்னொன்றும் வந்து சேரும். ஒன்றரை வயது வாக்கில், தெரியாத சாப்பாட்டைக் கண்டால் பிள்ளைக்கு ஒரு பயம் ஒட்டிக்கொள்கிறது. இரண்டிலிருந்து ஐந்து, ஆறு வயதுவரை அது தூக்கலாக இருக்கும். நடக்கப் பழகிய பிள்ளை தோட்டத்துக்குப் போய்க் கண்ட இலையையும் காயையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை போட்ட வேலி என்று இதைச் சொல்வார்கள். காட்டில் விஷம் பெரும்பாலும் கசக்கும். அதனால்தான் அந்த வேலி பாகற்காய்க்கும் கீரைக்கும் முதலில் எழும்புகிறது, ஜாங்கிரிக்கு எழும்புவதே இல்லை.

சரி, விளையாட்டு இதில் எங்கே வருகிறது?

நாய்க்குப் பயப்படும் பிள்ளையைப் பழக்குவது எப்படி? முதல் நாளே கையைப் பிடித்து நாயின் வாயில் வைக்கமாட்டோம். திண்ணையிலிருந்து பார்க்க விடுவோம். நாம் தடவிக் காட்டுவோம். ஒரு நாள் வாலை மட்டும் தொட்டுவிட்டு ஓடிவரும். சாப்பாட்டிலும் அதே கதைதான். ஒரு காய் இருக்கிற இடத்தில் அழாமல் உட்காருவது, பார்ப்பது, முகர்வது, விரல் நுனியால் தொடுவது, கையில் பிசைவது, உதட்டில் பட விடுவது, நக்குவது, கடித்துத் துப்புவது என்று எத்தனையோ படி ஏறின பிறகுதான் விழுங்குவது. கே டூமி என்ற அமெரிக்க உளவியலாளர் இதை 32 படிகளாகவே பிரித்து வைத்திருக்கிறார். நாம் கடைசிப் படியில் நின்றுகொண்டு “ஆ காட்டு” என்கிறோம். நடுவில் உள்ள படிகளை ஏற, பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி விளையாட்டு.

எதில் ஆரம்பிப்பது? வீட்டில் தனியாகச் சாமான் வாங்க வேண்டுமா?

ஒன்றும் வாங்க வேண்டாம். மார்கழி, தை வந்தால் பச்சை மொச்சை வரும். உரித்த மொச்சையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாயும். பிதுக்கம்பருப்பு. நான் சொன்ன அந்த வெள்ளைச் சாப்பாட்டு மகனை மூன்றரை வயதில் இதில் உட்கார வைத்தேன். முதல் பருப்பு என் கண்ணாடியில் வந்து பட்டது. அதற்கப்புறம் அவனை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை. எது தூரம் பாய்கிறது என்று அடுப்பு மேடைவரை போட்டி. அன்றைக்குக் குழம்பில் கிடந்த மொச்சையை அவன் தின்னவில்லை. “இது நான் பிதுக்கினது” என்று அப்பா தட்டில் கைகாட்டி எண்ணினான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, வெந்த பருப்பு ஒன்றை உப்புத் தொட்டு வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினான். அந்தத் துப்பல் எனக்குத் திருவிழா. அடுத்த தைக்கு மொச்சைக் குழம்பு அவன் கேட்கிற குழம்பு ஆனது. (மொச்சையைப் பச்சையாகத் தின்ன விடாதீர்கள், வெந்த பிறகுதான் வாய்க்கு.)

மற்றதும் எல்லாம் அடுப்படியிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரையை உருவுவது, அவரைக்காய்க்கு நார் எடுப்பது, பட்டாணி உரிப்பது. வாழைப்பூ மடலைத் தண்ணீர் வாளியில் விட்டால் படகு. உள்ளே ஒவ்வொரு பூவிலும் ஒளிந்திருக்கும் கள்ளனைத் தேடிப் பிடிப்பது திருடன் போலீஸ். வெண்டைக்காய்க் காம்புப் பக்கத்தை நறுக்கி, பீட்ரூட் சாற்றில் தொட்டுத் தாளில் அழுத்தினால் பூப்பூவாக விழும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஊதா. எலுமிச்சம்பழ வாசனையே ஆகாது என்ற பிள்ளைகூட, பிழிவதற்கு வரிசையில் நிற்கும். இடியாப்ப நாழியைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

நேரம் முக்கியம். சாப்பாட்டு வேளையில் வேண்டாம். பசி, தூக்கம் இரண்டும் இல்லாத நேரம், பத்து நிமிஷம் போதும்.

“சாப்பாட்டில் விளையாடக் கூடாது, அன்னம் தெய்வம்” என்று மாமியார் கோபித்துக்கொள்கிறார்.

உங்கள் மாமியார் கட்சிதான் நானும். தட்டு நிறைய நூடுல்ஸைச் சாயத்தில் முக்கி, பிள்ளை அதில் புரண்டுவிட்டு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டும் வீடியோக்கள் போனில் வருகின்றன. ஒரு பிடி அரிசி சிந்தினால் குனிந்து பொறுக்குகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்கவே கை நடுங்குகிறது. அதை நான் சொல்லவில்லை.

நம் வீட்டில் இந்த விளையாட்டு பாதிக்கு மேல் வேலைதான். பிள்ளை உருவின கீரை பொரியலுக்குப் போகிறது. பிதுக்கின மொச்சை குழம்புக்குப் போகிறது. அச்சு போடத் தேவையானது எப்படியும் எறியப்போகிற வெண்டைக்காய்க் காம்பு, பீட்ரூட் தோல். வீணாவது எதுவுமில்லை. யோசித்துப் பார்த்தால், உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, விரலுக்கு ஒருவராக வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஊட்டி, கடைசியில் அக்குளில் நண்டு ஊறவிட்டுச் சிரிக்க வைக்கிற விளையாட்டை நமக்குக் கற்றுத்தந்ததே பாட்டிகள்தானே. சொப்புச் சாமானும் கூட்டாஞ்சோறும் நம்முடையவைதான்.

அதனால் மாமியாரை எதிர்க்கட்சியில் விடாதீர்கள், விளையாட்டுக்கு அவரையே தலைவர் ஆக்குங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் பாட்டி இப்படித்தான் முதலில் முணுமுணுத்தார். அப்புறம் ஒரு நாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவும்போது, “குச்சியைச் சேத்துப் போட்டுடாதேடி, தாத்தா மீசையில குத்தும்” என்றாராம். அன்று முதல் தாத்தாவின் மீசைக்குக் காவல் அந்தப் பெண்தான். தாத்தா தட்டில் கீரை விழுந்ததும் விரலால் கிளறிக் குச்சி தேடுவாள். தேடுகிற விரலில் கீரை ஒட்டும். ஒட்டின விரல் ஒரு நாள் வாய்க்குப் போனது.

ஏரோப்ளேன் ஸ்பூன், காக்காவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய்… இதெல்லாம் விளையாட்டில்லையா?

கைக்குழந்தைக்கு அது கொஞ்சல், கொஞ்சிவிட்டுப் போங்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பயப்படும் பிள்ளையிடம் அது வேலைக்கு ஆகாது. ஏரோப்ளேன் எங்கே வந்து இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் பார்த்தவரை வீடுகளில் விளையாட்டு தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். அம்மா சிரித்துக்கொண்டே கேரட் நறுக்குவாள், அச்சு போடுவாள், பாட்டுகூடப் பாடுவாள். கண் மட்டும் பிள்ளையின் வாயிலேயே இருக்கும். “ஒரே ஒரு கடி, செல்லம்ல” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், பத்து நாள் விளையாட்டும் பாழ். விளையாட்டுக்குள் ஸ்பூனை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. அடுத்த தடவை கேரட்டை எடுத்தாலே எழுந்து ஓடும்.

எங்கள் பள்ளியில் விதி இது: விளையாட்டு நேரத்தில் “சாப்பிடு” என்ற சொல்லே கிடையாது. தின்றால் கைதட்டலும் கிடையாது. “கறுக்குன்னு சத்தம் வந்துச்சே, யாரோட கேரட் அது?” என்று மட்டும் கேட்போம். பிரான்ஸில் 1970களில் ழாக் பியூசே என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐம்புலனாலும் சுவைக்கச் சொல்லித்தரும் பாடமுறை ஒன்றை ஆரம்பித்தார். பின்லாந்து மழலையர் பள்ளிகள்வரை அது போயிருக்கிறது. அங்கேயும் பிள்ளை தின்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

போனில் கார்ட்டூன் போட்டால் என்ன கொடுத்தாலும் தின்கிறாள். அதுவும் பழக்கம்தானே?

அவள் தின்னவில்லை, வாய் மட்டும் திறந்திருக்கிறது. என்ன நிறம், என்ன மணம், வயிறு நிறைந்ததா என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. போன் இல்லாத நாளில் அதே பீன்ஸ் அவளுக்குப் புது பீன்ஸ். ஒரேயடியாக நிறுத்தினால் வீடு இரண்டுபடும்; முதலில் ஒரு வேளை, காலை டிபனை மட்டும் போன் இல்லாமல் ஆக்குங்கள்.

எத்தனை தடவைதான் வைப்பது? நான்கு தடவை வைத்தேன், தொடவே இல்லை.

நான்கு என்பது ஆரம்பம்கூட இல்லை. பெரும்பாலான வீடுகளில் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து தடவையோடு “அவனுக்கு அது பிடிக்காது” என்று முத்திரை குத்திவிடுகிறோம். லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பண்டங்களைத் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எது அதிகத் தடவை நாக்கில் பட்டதோ அதுதான் பிடித்துப்போனது. எட்டு முதல் பதினைந்து தடவை என்று இப்போது பொதுவாகச் சொல்கிறார்கள். என் மகனுக்குக் கத்தரிக்காய் இருபதைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு போதும். அந்தத் துண்டு வீணானால் மனசு வலிக்காது; ஒரு கரண்டி வைத்தால் வலிக்கும், வலித்தால் கத்துவோம்.

கேரட் தின்றால் சாக்லெட் என்று சொல்லலாமா?

வேண்டாம். கேரட் என்பது சாக்லெட்டுக்குக் கட்டுகிற அபராதம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். இதையும் பர்ச் சோதித்திருக்கிறார்: பரிசுக்காகக் குடித்த பானத்தைப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக விரும்பினார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. நக்கிப் பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது பலன் தந்ததாக இங்கிலாந்து ஆய்வுகள் சொல்கின்றன. தின்பண்டத்துக்குத் தின்பண்டம் பரிசு, அதுதான் கூடாது. ஸ்டிக்கரையும் நான் அளவோடுதான் வைத்துக்கொள்வேன். நெற்றி நிறைய ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளை பிறகு ஸ்டிக்கருக்குத்தான் அடம்பிடிக்கிறது.

கீரையை அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடுகிறேன். தப்பா?

சத்துக்குத் தப்பில்லை. ஆனால் பிள்ளை பழகுவது தோசையை. கீரை இன்னும் அந்நியம்தான். ஒளித்துச் செய்து ஒரு நாள் பிடிபட்டால், இருந்த ஒரே நண்பனான தோசையும் போய்விடும். அவனையே கூப்பிட்டு, மிக்ஸியில் கீரையைப் போடச் சொல்லி, மாவு பச்சையாக மாறுவதைக் காட்டிச் செய்யுங்கள். “பச்சைத் தோசை” என்று பெயர் வைத்துத் தின்னட்டும்.

கையில் ஒட்டினாலே அலறுகிறாள். பிசைகிற விளையாட்டு எப்படி?

பிசைய வேண்டாம். காய்ந்ததில் ஆரம்பியுங்கள். பொரியை அள்ளிக் காதருகே நொறுக்கிக் கேட்பது, அரிசியை ஆழாக்கால் அளந்து கொட்டுவது. பிறகு லேசாக ஈரம்: கழுவின பட்டாணி. பிறகு குளிர்ந்த சாதம். ஒட்டுகிற சப்பாத்தி மாவு எல்லாவற்றுக்கும் கடைசியில். கையே வேண்டாமென்றால் ஸ்பூன், இடுக்கி கொடுங்கள். பக்கத்திலேயே ஒரு ஈரத்துணி இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதிப் பிள்ளைகள் தொடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரம் இடுக்கியால் மட்டும் மாதுளை முத்து எடுத்தான். ஒரு நாள் இடுக்கியை இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டாள். அவசரத்தில் விரலால் எடுத்துவிட்டான், எடுத்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

சாப்பாட்டு வேளையில் நான் என்ன செய்ய வேண்டும்?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் வேலையைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு; எவ்வளவு, தின்பதா வேண்டாமா என்பது பிள்ளை பாடு. தட்டில் அவனுக்குத் தெரிந்தது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். புதுசு ஓரமாகத் துளி. கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். பிள்ளை பின்னால் கிண்ணத்தோடு மொட்டை மாடிவரை ஓடும் வேலை அன்றோடு நிற்கட்டும்.

சொல்வது எளிது, எனக்குத் தெரியும். “புள்ள பட்டினி கிடக்கு” என்று வீட்டில் நான்கு பேர் சொல்லும்போது சும்மா உட்கார்ந்திருக்கக் கல்நெஞ்சு வேண்டும்.

பசியே எடுப்பதில்லையே?

பாலைக் கணக்குப் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர், பள்ளிவிட்டு வந்ததும் ஒன்று, தூங்கும்முன் பாட்டில் ஒன்று, நடுவில் பிஸ்கட். அப்புறம் எங்கிருந்து பசி வரும்? ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்குள் பால் போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிறு நிரம்புகிற பிள்ளைக்கு இரத்தசோகை வரலாம், இரத்தசோகை வந்தால் பசி இன்னும் மங்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வெளிறிய முகம், எப்போதும் சோர்வு என்றால் விளையாட்டுக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை.

பள்ளியில் தின்கிறான், வீட்டில் தின்னமாட்டேன் என்கிறானே?

பக்கத்தில் இருப்பவன் தின்கிறான், அதனால் இவனும் தின்கிறான். 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்த பிறகு, வீட்டில் ரவா உப்புமாவைக் கண்டால் ஓடுகிறவன் அங்கே கிண்ணத்தை வழித்துத் தின்பதாக என்னிடம் ஆச்சரியப்பட்ட அம்மாக்கள் உண்டு. விடுமுறையில் தெருப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கூட்டாஞ்சோறு போடுங்கள். ஆளுக்கு ஒரு காய் கொண்டுவரட்டும், அவர்களே கழுவட்டும், கிள்ளட்டும். அடுப்பு மட்டும் உங்கள் கையில்.

அவன் அப்பாவே காய்கறி தின்னமாட்டார்.

அப்பாவையும் மொச்சை பிதுக்க உட்கார வையுங்கள்.

எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

முதலில் மூச்சுக்குழல். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், வட்டமாக நறுக்கின பச்சைக் கேரட், கட்டி மிட்டாய் எதுவும் நான்கு வயதுக்குள் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். பட்டாணி, பருப்பு, மொச்சை எல்லாம் மூக்குக்குள்ளும் போகும். எங்கள் பள்ளியில் ஒரு கொண்டைக்கடலை போய், ஆஸ்பத்திரிவரை ஓடியிருக்கிறோம். விளையாடும்போது எழுந்து போகாதீர்கள். சேனையும் சேப்பங்கிழங்கும் பச்சையாகத் தொட்டால் அரிக்கும், மிளகாய் கண்ணுக்குப் போகும். இவை விளையாட்டுச் சாமான் இல்லை. முட்டை, கடலை போன்றவற்றில் உடம்பு தடித்துப்போகிற பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு. பீட்ரூட் தின்ற மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அலறாதீர்கள், நான் ஒரு தடவை அலறியிருக்கிறேன்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எடை குறைந்தாலோ பல மாதமாக ஏறாமல் நின்றாலோ. விழுங்கும்போதெல்லாம் இருமல், புரை, வாந்தி இருந்தால். தின்கிற பண்டங்களை விரல்விட்டு எண்ண முடிகிறது, அதிலும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகிறது என்றால். மண், சாக்பீஸ், சாம்பல் தின்றால், அது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். பேச்சு, பார்வை, மற்ற பிள்ளைகளோடு பழகுவதில் வித்தியாசம் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் சிக்கல் அதிகம். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் உணவைத் தவிர்க்கும் கோளாறு தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் வீட்டு விளையாட்டு மட்டும் போதாது. குழந்தை மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) போங்கள்.

இவ்வளவும் செய்தும் தின்னாவிட்டால்?

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பாகற்காய் இன்னும் தின்பதில்லை. வட்டமாக நறுக்கி, நடுவில் விதையை விரலால் தள்ளி எடுப்பது மட்டும் அவள் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டாள். வறுத்ததும் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, “உப்பு சரியா இருக்காம்மா?” என்று கேட்பாள். போன வாரம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், விரல் நுனியை நக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்க்காத மாதிரி ரசத்தை இறக்கப் போய்விட்டேன்.